உங்க ஊர், எங்க ஊர், நம்ம ஊர்: புது இடம் எப்படிச் சொந்தமாகிறது?

2019 ஐப்பசியில் ஒரு சாயங்காலம் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில், "எங்க ஊர்ல மத்தியானத்துல இருந்து ஒரே மழைம்மா" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தபோது அம்மா கேட்டாள்: "ஏட்டி, எந்த ஊர்ல?"

அப்போது நான் பெங்களூருக்கு வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அதுவரை அம்மாவிடம் பெங்களூரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "இங்க" என்றுதான் சொல்லி வந்தேன். இங்க மழை, இங்க குளிர், இங்க தக்காளி இன்ன விலை. அம்பாசமுத்திரத்துப் பக்கம், தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கிற எங்கள் கிராமம்தான் "நம்ம ஊர்". அன்றைக்கு வாயில் வந்தது "எங்க ஊர்".

தமிழில் இந்தச் சொல் சும்மா வராது. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் "நம்ம" என்போம். கேட்பவரை வெளியே நிறுத்தினால் "எங்க" என்போம். அம்மா இல்லாத ஓர் ஊரை எனக்குச் சொந்தமாக்கிக்கொண்டு, அதை அம்மாவிடமே சொல்லியிருக்கிறேன். அம்மா ஏன் பேசாமல் இருந்தாள் என்று போனை வைத்த பிறகுதான் புரிந்தது.

வேலைக்காகவோ படிப்புக்காகவோ கல்யாணமாகியோ ஊர் மாறியவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. இந்த இடம் எனக்கு எப்போது சொந்தமாகும்? ஆகுமா? இதில் மூளைக்கு ஒரு பங்கு, அக்கம்பக்கத்துக்கு ஒரு பங்கு, மொழிக்கு ஒரு பங்கு, ஊரின் வரலாற்றுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. எனக்குத் தெரிந்த பெங்களூரை வைத்தே சொல்கிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். ஒன்று பழகுதல், இன்னொன்று ஒட்டுதல். "ஊர் பழகிடுச்சா?" என்று கேட்டால் எந்த பஸ் எங்கே போகும், எந்தக் கடையில் மாவு நன்றாக இருக்கும் என்று தெரிந்துவிட்டதா என்று அர்த்தம். "மனசு ஒட்டலை" என்று ஒருவர் சொன்னால், எல்லாம் தெரிந்த பிறகும் ஏதோ ஒன்று குறைகிறது என்று அர்த்தம். பத்து வருஷம் ஓர் ஊரில் இருந்தும் ஒட்டாதவர்கள் உண்டு. ஆராய்ச்சியாளர்கள் இடப்பற்று என்று எழுதுவது இந்த ஒட்டுதலைத்தான்.

ஊர் ஏக்கம் ஒரு கோளாறா?

ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். 1688இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் யோகானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரைப் பிரிந்தவர்களுக்கு வரும் சோர்வை ஒரு நோயாகவே வைத்து ஆய்வேடு எழுதினார். வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்கு நோஸ்டால்ஜியா என்று பெயர் வைத்தார். பிழைப்புக்காக வெளிநாட்டுப் படைகளில் சேர்ந்த ஸ்விஸ் வீரர்களிடம் இந்தச் சோர்வு அதிகம் காணப்பட்டதாக அந்தக் காலத்து மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பெரிதும் நம்பிய மருந்து, ஊருக்குத் திருப்பி அனுப்புவது.

இன்று யாரும் இதை நோய் என்று சொல்வதில்லை. எனக்கு இதை விளங்க வைத்தது எங்கள் வயல். நாற்றங்காலில் இருந்து பிடுங்கி நட்ட நாற்று முதல் சில நாள் வெளிறித் துவண்டு கிடக்கும். ஒரு வாரம், பத்து நாளில் புது வேர் விட்டுப் பச்சை பிடிக்கும். நட்ட மூன்றாம் நாள் வயலைப் பார்த்துவிட்டுப் பயிர் போச்சு என்று எந்த சம்சாரியும் சொல்ல மாட்டார். புது ஊருக்கு வந்த முதல் மாதங்களில் காரணமில்லாமல் அழுகை வருவதும், ஞாயிற்றுக்கிழமை மாலை என்றாலே நெஞ்சு கனப்பதும் இந்த வெளிறல்தான். மனிதர்களுக்கு நாள் கணக்கு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

மூளை போடும் வரைபடம்

2014 ஜூனில் பசவனகுடிப் பக்கம் வாடகைக்கு வீடு பிடித்தோம். அப்போதெல்லாம் பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சாதாரணம். கையிருப்பு மொத்தமும் அதிலேயே போனது. அடுத்த சிக்கல் தெருக்கள். இங்கே தெருக்களுக்குப் பெரும்பாலும் எண்தான். நீளவாக்கில் போவது மெயின், குறுக்கே வெட்டுவது கிராஸ். நாலாவது மெயின், ஏழாவது கிராஸ் என்றால் தெளிவாகத்தான் தோன்றும். ஆனால் ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு நாலாவது மெயின் உண்டு, ஒரு ஏழாவது கிராஸும் உண்டு. வாய்க்கால் பாலம், புளியமரம், சுடலைமாடன் கோயில் என்று வழி சொல்லி வளர்ந்த எனக்கு எண்களை வைத்து வீடு திரும்பத் தெரியவில்லை. முதல் வாரத்தில் இரண்டு முறை அடுத்த கிராஸில் யார் வீட்டு கேட்டையோ திறந்திருக்கிறேன்.

இந்தத் திக்குத் தெரியாத நிலை சீக்கிரம் சரியாகிவிடும். அதற்கென்றே மூளையில் ஏற்பாடு இருக்கிறது. 1971இல் லண்டனில் ஜான் ஓ'கீஃபும் அவரோடு வேலை செய்தவரும் எலியின் மூளையில், ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில், ஒரு வகைச் செல்களைக் கண்டுபிடித்தார்கள். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது ஒரு குறிப்பிட்ட செல் துடிக்கும். வேறு இடத்துக்குப் போனால் வேறு செல். 2005இல் நார்வேயில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் தம்பதியின் குழு, தூரத்தையும் திசையையும் கட்டம் கட்டமாக அளக்கிற செல்களைக் கண்டுபிடித்தது. 2014இல் இந்த மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. எலியைப் புது இடத்தில் விட்டால் சில நிமிடங்களிலேயே அந்த இடத்துக்கான வரைபடம் உருவாகத் தொடங்கிவிடுகிறது.

ஆகவே இடம் பழகாமல் போய்விடுமோ என்று யாரும் கவலைப்பட வேண்டாம். நடந்தால் போதும். ஆனால் போனில் வழிகாட்டும் குரலைக் கேட்டுக்கொண்டே போனால் இந்த வேலை மந்தமாகத்தான் நடக்கும். கண்ணால் பார்த்து, தப்பான சந்தில் திரும்பி, மறுபடி வந்து சேர்ந்த தெருக்கள்தான் எனக்கு இன்றும் மனப்பாடமாக இருக்கின்றன.

மூன்று மாதத்தில் எனக்கு வழியெல்லாம் தெரிந்துவிட்டது. மனசு மட்டும் ஒட்டவில்லை.

ஊருக்கு நம்மைத் தெரிய வேண்டும்

ஊர் நமக்குத் தெரிந்தால் அது பழக்கம். ஊருக்கு நம்மைத் தெரியத் தொடங்கும்போதுதான் ஒட்டுதல் ஆரம்பிக்கிறது. இதை நான் கற்றுக்கொண்டது காந்தி பஜாரில் பூ விற்கும் ஓர் அம்மாவிடம்.

காந்தி பஜார் பசவனகுடியின் பழைய கடைத்தெரு. நடைபாதை ஓரமாகப் பூக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சாமந்திக் குவியல், ரோஜா, தொடுத்த மல்லிகை. பூவை இங்கேயும் முழம் போட்டுத்தான் விற்கிறார்கள். கன்னடத்தில் அது "மொளா". வெள்ளிக்கிழமைதோறும் அந்த அம்மாவிடம் ஒரு மொளா கனகாம்பரம் வாங்குவேன். மொழி தெரியாது, விரலைக் காட்டுவேன், காசு கொடுப்பேன், வந்துவிடுவேன். ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படித்தான் போனது. ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸில் நேரமாகிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது கூடை காலி. திரும்பப் போனவளை அவர் கைதட்டிக் கூப்பிட்டார். ஈரத்துணிக்கு அடியில் இருந்து வாழையிலைத் துண்டில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினார். "நிமகே அந்தா இட்டித்தே" என்றார். உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருந்தேன்.

பத்து ரூபாய்ப் பூ. வீடு வரைக்கும் அதைப் பைக்குள் போட மனசு வராமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தேன். இந்தப் பெரிய நகரத்தில், நான் வராத நேரத்திலும் என்னை நினைத்துக்கொள்ள ஒருவர் இருந்திருக்கிறார்.

இப்படிப்பட்ட உறவுகளுக்கு சமூகவியலில் ஒரு பெயர் உண்டு. 1973இல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் இவற்றைத் தளர்ந்த பிணைப்புகள் என்றார். நெருங்கிய சொந்தமும் நட்பும் இறுகிய பிணைப்பு. பார்த்தால் சிரிக்கிற, பெயர் தெரிந்தோ தெரியாமலோ பேசுகிற பழக்கம் தளர்ந்த பிணைப்பு. அவர் பார்த்தது வேலை தேடுபவர்களை. புது வேலை பற்றிய செய்தி நெருங்கிய நண்பர்களைவிட இப்படிப்பட்ட அறிமுகங்கள் வழியாகவே பலருக்கு வந்திருந்தது. பிறகு கனடாவில் கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், எலிசபெத் டன் என்ற இரு உளவியலாளர்கள் இதை மனநிறைவோடு சேர்த்துப் பார்த்தார்கள். காபிக் கடையில் பணியாளரைப் பார்த்துச் சிரித்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தவர்களுக்கு, வேலையை மட்டும் முடித்துக்கொண்டு வந்தவர்களைவிட, இந்த இடத்தில் நானும் ஓர் ஆள் என்ற உணர்வு கூடுதலாக இருந்தது.

பெங்களூர்க்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே தர்ஷினி என்று சின்னச் சின்ன ஓட்டல்கள், நின்றுகொண்டே சாப்பிடுகிற மாதிரி. அதில் "பை டூ காபி" என்று ஒரு வழக்கம்: ஒரு காபியை இரண்டு டம்ளரில் பகிர்ந்து வாங்குவது. ஒரு முழு காபி தனியாகக் குடிக்கலாம், பை டூவுக்குக் கூட ஒருவர் வேண்டும். அந்த உயரமான வட்ட மேஜையைச் சுற்றி நின்றால் முன்பின் தெரியாதவரின் தோளும் நம் தோளும் இடிக்கும். சட்னிக் கிண்ணத்தை யாராவது தள்ளி வைப்பார்கள். பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அரிசி, காய்கறி, பால் எல்லாம் இப்போது பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடுகின்றன. உடம்பு முடியாதவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் ஊருக்குப் புதிதாக வந்து, எல்லாவற்றையும் வாசலுக்கே வரவழைத்துக்கொண்டு, இந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாது என்று சொல்லும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. பூ எடுத்து வைக்கிற அம்மாவைச் சந்திக்கும் வாய்ப்பே அவர்களுக்கு இல்லாமல் போகிறது.

வீட்டின் அமைப்புக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. வளாகத்தில், மணமான மாணவர்கள் குடியிருந்த கட்டடங்களில் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவர் குழுவும் செய்த ஆய்வு 1950இல் வெளியானது. ஒரே தளத்தில் பக்கத்துக் கதவுக்காரர்களை நண்பர்களாகச் சொன்னவர்கள் 41 சதவீதம்; தளத்தின் இரண்டு கோடிகளில் இருந்தவர்களிடையே அது 10 சதவீதம்தான். மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மேல் வீட்டிலும் நண்பர்கள் இருந்தார்கள், ஏனென்றால் எல்லோரும் அவர்கள் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். திண்ணை வைத்து வீடு கட்டியவர்கள் நாம்; இந்தக் கணக்கு நமக்குப் புதிதில்லை. புது ஊரில் வீடு பார்க்கும்போது பால்கனியில் என்ன தெரியும் என்று பார்ப்பதோடு, கதவைத் திறந்தால் யார் முகம் தெரியும் என்றும் பாருங்கள்.

மொழி

கன்னடம் கற்றுக்கொள்வதை நான் இரண்டு வருஷம் தள்ளிப்போட்டேன். தமிழிலேயே ஓட்டிவிடலாம் என்பது பெங்களூரில் உண்மையும்கூட. ஆனால் ஒரு ஊரின் மொழியைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே வாழ்வது, கல்யாண வீட்டில் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது போலத்தான். சாப்பாடு அங்கேயே வந்துவிடும். உள்ளே நடப்பது எதுவும் தெரியாது.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு பாட்டி. கன்னடத்தில் அஜ்ஜி. அவர்தான் என் வாத்தியார். மதியம் துணி காயப்போட மாடிக்குப் போனால், "ஏன்ரீ, ஊட்டா ஆயித்தா?" என்பார். சாப்பாடு ஆச்சா என்று அர்த்தம். முதலில் தலையை மட்டும் ஆட்டினேன். பிறகு "ஆயித்து" என்றேன். பிறகு என்ன சமையல் என்பது வரை வந்தது. தமிழ்ச் சொல்லின் முதலில் வரும் பகரம் கன்னடத்தில் ஹகரமாக மாறும் என்று பிடிபட்ட நாளில் கதவு ஒன்று திறந்தது மாதிரி இருந்தது. பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு, புலி ஹுலி. வீடு என்பதற்கு அவர்கள் சொல்வது மனே; நம்முடைய பழைய மனைதான். ஊர், அங்கேயும் ஊருதான். "நிம்ம ஊரு யாவுது?" என்று அஜ்ஜி என்னை முதல்முதலாகக் கேட்டபோது, மொழிபெயர்க்கத் தேவையில்லாமல் புரிந்த முழு வாக்கியம் அதுதான்.

ஒரு வித்தியாசமும் உண்டு. "எங்க", "நம்ம" என்ற பிரிவினை இன்றைய கன்னடத்தில் கிடையாது. இரண்டுக்கும் "நம்ம"தான். "நம்ம மனே" என்று அஜ்ஜி சொன்னால் அது "எங்க வீடு" என்றும் இருக்கலாம், "நம்ம வீடு" என்றும் இருக்கலாம். எந்த "நம்ம"வில் நான் உள்ளே இருக்கிறேன், எதில் வெளியே என்பது சொல்லில் தெரியாது, நடப்பில்தான் தெரியும்.

எள்ளும் வெல்லமும்

2015 தைப் பொங்கல், பெங்களூரில் எங்களுக்கு முதல் பொங்கல். குக்கரில் சர்க்கரைப் பொங்கல் வைத்து நானும் கணவரும் மட்டும் பொங்கலோ பொங்கல் சொன்னோம். குரல் சுவரில் மோதித் திரும்பியது. ஊரில் இந்நேரம் தெரு முழுக்கப் பானை பொங்கும். அன்று மாலை கதவு தட்டும் சத்தம். பட்டுப்பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண், அஜ்ஜியின் பேத்தி, கையில் தட்டோடு நின்றாள்.

கர்நாடகத்தில் அதே நாள்தான் சங்கராந்தி. அன்றைக்கு வீடு வீடாக "எள்ளு பெல்லா" கொடுப்பார்கள். வெள்ளை எள், பொடிப்பொடியாக வெட்டிய வெல்லம், கொப்பரைத் துண்டு, தோல் நீக்கி உடைத்த நிலக்கடலை, பொட்டுக்கடலை எல்லாம் கலந்தது. கூட ஒரு துண்டுக் கரும்பு, கிளி, மயில், பூ என்று விதவிதமான உருவத்தில் சர்க்கரை அச்சு. எள்ளும் வெல்லமும் தின்று நல்லதாகப் பேசு என்பது சொலவடை. எனக்கு எதுவும் தெரியாது. வாங்கிக்கொண்டேன். காலித் தட்டைத் திருப்பித் தரக்கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்ததால் இரண்டு கரண்டி சர்க்கரைப் பொங்கலை வைத்துக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் அஜ்ஜியே வந்து, இது எப்படி இவ்வளவு குழைவாக வந்தது என்று கேட்டார்.

ஆனால் என் மனசு ஒட்டியது அன்றைக்கு இல்லை. அதற்கு மூன்று வருஷம் பிடித்தது. 2018 மார்கழிக் கடைசியில் அஜ்ஜி வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஒரு காலையில் என் வீட்டுக்கு வந்தார், பின்னாலேயே பேத்தி ஒரு பை நிறையக் கொப்பரையோடு. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இந்த வருஷம் கொப்பரை உன் பொறுப்பு என்றார். முடியுமா என்று கேட்கவில்லை. உதவி பண்ணு என்றும் சொல்லவில்லை. பொறுப்பு என்றார்.

கொப்பரை வெட்டுவது லேசான வேலை இல்லை. முதலில் மேலே உள்ள பழுப்புத் தோலைச் சீவ வேண்டும். பிறகு நீளவாக்கில் கீற்று, பிறகு குறுக்கே. எல்லாத் துண்டும் ஒரே அளவாக, பொட்டுக்கடலையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். என் முதல் கிண்ணத்தை அஜ்ஜி விரலால் கிளறிப் பார்த்துவிட்டு "தப்பா" என்றார். தடிமன் என்று அர்த்தம். மறுபடி வெட்டினேன். நாலு நாள், ராத்திரி சமையல் முடிந்த பிறகு. கட்டைவிரலில் கத்தி அழுத்தி அழுத்திக் காய்த்துப்போனது. சங்கராந்தி அன்று அந்தக் கலவை முப்பது வீட்டுக்குப் போனது. வாசலில் ஒவ்வொருவரும் வாயில் போட்டுக்கொண்டபோது நான் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். புது ஊரில் நமக்கு உதவுகிறவர்கள் இருந்தால் வாழ்க்கை சுலபமாகும். ஆனால் ஊர் நம்மிடம் ஒன்றை எதிர்பார்க்கத் தொடங்கும்போதுதான் அது நம்முடையதாகிறது. விருந்தாளியிடம் யாரும் கொப்பரையைக் கொடுத்து வெட்டச் சொல்வதில்லை. நாம் போகவில்லை என்றால் ஓரிடத்தில் ஒரு வேலை நின்றுபோகும் என்ற நிலை வர வேண்டும். புகுந்த வீட்டுக்குப் போன பெண்கள் இதைத் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். அந்த வீட்டுச் சாவிக்கொத்து கைக்கு வரும் நாள் ஒன்று உண்டே, அதற்கு முன்னும் பின்னும் அந்த வீடு ஒன்றல்ல.

வந்தவர்களும் ஊரும்

இது தனி ஆளுக்கு மட்டும் நடப்பதில்லை, கூட்டங்களுக்கும் நடக்கிறது. பெங்களூரின் மிகப் பெயர்பெற்ற திருவிழா கரகம். சித்திரை முழுநிலவு இரவில், தர்மராயசாமி கோயிலில் இருந்து பூக்கரகம் புறப்படும். திரௌபதி அம்மனின் கரகம். சுமப்பவர் பெண் வேடத்தில், வளையல் போட்டு, கரகத்தைக் கையால் பிடிக்காமல் தலையில் வைத்து, பழைய பேட்டைத் தெருக்கள் எல்லாம் விடிய விடிய நடப்பார். வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் கரகம் போகும்.

இந்தக் கரகத்தைச் சுமக்கும் உரிமை திகளர் என்ற சமூகத்துக்கு. தோட்டப்பயிர் வைப்பதில் பேர்போனவர்கள். தமிழ்ப் பகுதியில் இருந்து வந்தவர்கள் என்று சொல்லப்படுகிறது. செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் வழிபாட்டை அறிந்தவர்களுக்குத் தொடர்பு சட்டென்று பிடிபடும். "திகள" என்ற கன்னடச் சொல்லுக்கே தமிழர் என்றொரு பொருள் உண்டு. வெளியில் இருந்து வந்தவர்கள் என்று பெயரிலேயே எழுதியிருக்கிற மக்கள் தோளில்தான் ஊரின் பெரிய திருவிழாவே நிற்கிறது. அந்த ஓர் இரவு அவர்கள் நடக்காவிட்டால் பெங்களூருக்குக் கரகம் இல்லை. அஜ்ஜியின் கொப்பரையைப் பற்றி நான் சொன்னது இங்கே நகர அளவில் நடந்திருக்கிறது.

பிறகு 1809இல் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்து பெங்களூருக்கு மாறியது. கன்டோன்மென்ட் என்ற படைக் குடியிருப்பு உருவானது. படையோடும் படையைச் சார்ந்த தொழில்களோடும் தமிழர்கள் ஏராளமாக வந்தார்கள். அல்சூர், சிவாஜிநகர்ப் பக்கம் இன்றும் தமிழ் கேட்பது அதனால்தான்.

எல்லாம் இனிப்பாக இருந்தது என்று சொன்னால் அது பொய். அல்சூர் ஏரிக்கரையில் வைத்த திருவள்ளுவர் சிலை 18 வருஷம் திறக்கப்படாமல் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறந்தார்கள். நாலு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. காவிரித் தண்ணீர் தகராறு வந்த போதெல்லாம் இங்குள்ள தமிழர்கள் பயந்திருக்கிறார்கள். 1991இல் நடந்த கலவரத்தைப் பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2016 செப்டம்பர் 12 நானே பார்த்தது. மத்தியானமே ஆபீஸை மூடி வீட்டுக்கு அனுப்பினார்கள். தமிழ்நாட்டுப் பதிவு எண் உள்ள வண்டிகளை எரிப்பதாகச் செய்தி. எங்கள் ஸ்கூட்டருக்கு அப்போதும் தமிழ்நாட்டு எண்தான், வாசலில் நின்றது. அஜ்ஜியின் மகன் வந்து, பேசாமல் அதை உருட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டுக் கொல்லையில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினார். அஜ்ஜி எங்கள் வீட்டுக் கூடத்தில் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்திருந்தார். டிவியைப் போட விடவில்லை. அவரைக்காய் உரித்துக்கொண்டே இருந்தார்.

ஒட்டுதல் நம் கையில் மட்டும் இல்லை என்பதை அன்று புரிந்துகொண்டேன். நாம் எவ்வளவு வேர் விட்டாலும், நீ வெளியாள் என்று ஊர் ஒரே நாளில் சொல்லிவிட முடியும். அதே நாளில், அதே ஊர் கூடத்தில் வந்து உட்காரவும் செய்யும். எனக்கு இரண்டுமே நடந்தன. இரண்டில் எது நிஜமான பெங்களூர் என்று கேட்டால், தார்ப்பாய் போட்ட பெங்களூரையே நான் சொல்வேன்.

இப்போதுதான் வந்திருக்கிறீர்களா?

அப்படியானால் சில விஷயங்கள். ஒரே கடைக்கு, முடிந்தால் ஒரே நேரத்துக்குப் போங்கள். முகம் பதிய அதுதான் வழி. ஊரின் நாட்காட்டியைத் தெரிந்துகொள்ளுங்கள். பசவனகுடியில் கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமை கடலேகாயி பரிஷே என்று நிலக்கடலைத் திருவிழா. விவசாயிகள் புது விளைச்சலோடு நந்தி கோயிலைச் சுற்றி வந்து கடை போடுவார்கள். முதல் வருஷம் டிராஃபிக் என்று எரிச்சல்பட்டேன். இப்போது ஐப்பசி முடியும்போதே அந்த வறுத்த வாசனைக்கு மனசு தயாராகிவிடுகிறது.

சின்ன உதவி கேட்கத் தயங்காதீர்கள். ஒரு கிண்ணம் சர்க்கரை, ஏணி, நல்ல டாக்டர் யார் என்ற தகவல். கேட்டால்தான் அவர்களும் நாளைக்கு நம்மிடம் கேட்பார்கள். தமிழ் ஆட்கள் நட்பு வேண்டும், கட்டாயம் வேண்டும். சுகமில்லாத ராத்திரியில் தாய்மொழியில் பேச ஆள் வேண்டாமா? ஆனால் அந்த வட்டத்துக்குள்ளேயே வாரம் முழுக்கக் கழித்துவிடாதீர்கள். அப்புறம், அவசரப்படாதீர்கள். ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2018இல் ஒரு கணக்குச் சொன்னார்: அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். வாரம் ஒரு மணி நேரம் என்றால் நெருக்கத்துக்கே நாலு வருஷம். நான் சொன்ன வருஷக் கணக்கோடு இது ஒத்துப்போகிறது.

பலர் மனசுக்குள் வைத்திருக்கும் ஒரு பயத்தையும் சொல்லிவிடுகிறேன். புது ஊர் ஒட்டினால் பழைய ஊர் விட்டுப்போய்விடுமோ என்ற பயம். அம்மாவின் அந்த மௌனத்துக்குப் பிறகு எனக்கும் அது இருந்தது. குற்றம் செய்த மாதிரி, கொஞ்ச நாள் மறுபடியும் "இங்க" என்றே பேசினேன்.

2023 ஜனவரியில் அம்மா ஒரு மாதம் வந்து தங்கினாள். கொப்பரை நேரம். அம்மாவும் அஜ்ஜியும் எங்கள் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து வெட்டினார்கள். இவளுக்குக் கன்னடம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இவள் "பால்" என்றால் அவர் "ஹாலு" என்பார், இரண்டு பேரும் சிரிப்பார்கள். அம்மா வெட்டிய கிண்ணத்தை அஜ்ஜி கிளறிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த கொப்பரையை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடும்போது அம்மா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய எள்ளு பெல்லா கேட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டு நாள் கழித்துப் போன் பண்ணினாள். தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தாளாம். இது என்ன பண்டம், யார் செய்தது என்று கேட்டார்களாம்.

"நீ என்னம்மா சொன்னே?"

"எங்க பெங்களூர் வீட்டுல வெட்டுனதுன்னேன்."